மரத்த தொடையும் மடங்கும் முழங்காலும்: இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பின் ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்தைத் தாண்டி மேடேறும் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே அந்த வீடு இருக்கிறது. சாலையிலிருந்து முற்றத்துக்கு மண்ணில் வெட்டிய 17 படிகள். இடுப்பு மூட்டை மாற்றி நான்கு நாளே ஆன ஒருவரை மகனும் மருமகனும் இருபுறமும் தாங்கி அந்தப் படிகளில் ஏற்றியிருந்தார்கள். பாதிப் படியில் அவருடைய இடது முழங்கால் சொல்லாமல் கொள்ளாமல் மடிந்தது. இருவரும் இறுகப் பிடித்திருந்ததால் விழவில்லை. இரண்டு நாள் கழித்து நான் அங்கே போனபோது மருமகன் நடந்ததைச் சொல்லி, காரணத்தையும் அவரே சொல்லி முடித்தார்: "தொடை மரத்துக் கிடக்கிறதல்லவா, அதனால்தான் கால் நிற்கவில்லை."

இந்த ஆய்வு அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. அது தவறு. வீட்டார் மட்டும் அப்படி நினைக்கவில்லை. மருத்துவமனையிலும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். முதல் பத்து நிமிடம் நானும் அப்படியே நினைத்தேன்.

நான் வீடுகளுக்குச் சென்று சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட். நோயாளியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர் யார் என்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கில் எதையும் மாற்றவில்லை.

நோயாளியும் அறுவையும்

வயது 61. இளவயது முதலே ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன் எழுந்து, சரிவில் ஏறி இறங்கி, ஒரு நாளைக்கு 300 மரங்களுக்கு மேல் வெட்டிப் பழகிய உடம்பு. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கிறார். இரண்டு ஆண்டுகளாக இடது இடுப்பில் வலி. தொடை எலும்பின் பந்து போன்ற தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துப்போயிருந்தது எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்தது. பந்து தட்டையாகி உள்ளே இடிந்துவிட்டதால் மூட்டை மாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. மரங்கள் இலையுதிர்ந்து வெட்டு நிற்கும் மாசி மாதத்தில் அறுவைக்குப் போனார். கூலி இழப்பு குறையும் என்பது அவருடைய கணக்கு.

செய்தது முன்பக்க வழியிலான, தசையை வெட்டாத, சிறு கீறல் அறுவை. தழும்பை அளந்து பார்த்தேன், 10 சென்டிமீட்டர். முதுகுத் தண்டில் மயக்க ஊசி போட்டிருந்தார்கள். பிந்தைய வலிக்காகக் கவட்டைக்கு அருகே நரம்பை மரக்கவைக்கும் ஊசி ஒன்றும் தனியாகப் போட்டிருந்தார்கள். மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கவைத்தார்கள். முழங்கால் தளர்ந்தபோது "ஊசியின் வேலை இன்னும் இருக்கிறது" என்றார்கள். அந்த நாளுக்கு அது நியாயமான விளக்கம். மூன்றாம் நாள் தளர்ந்தபோது "வலியால் தசை ஒத்துழைக்கவில்லை" என்றார்கள். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் கொடுத்த சீட்டில் "தொடையில் மரப்பு உள்ளது, நாளடைவில் சரியாகும்" என்று ஒரு வரி. முழங்காலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

பஞ்சு சொன்னது

கட்டிலில் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரியாகத் திரித்துத் தொட்டுக்கொண்டே வந்தேன். தழும்புக்குச் சற்றுக் கீழே தொடங்கி, தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி, முழங்காலுக்கு நான்கு விரல் மேலே முடியும் நீள்வட்டம் ஒன்றில் அவருக்குத் தொடுவதே தெரியவில்லை. இரண்டு உள்ளங்கைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்த அளவு. அதன் விளிம்பைத் தாண்டியதும் "ஆமாம்" என்றார், கோடு போட்டதுபோல. உள்ளே தொட்டால் தெரியாது. ஆனால் இடுப்பில் கட்டிய சாரத்தின் (கைலியின்) துணி உரசினால் மட்டும் எரிகிறது, மிளகாய் அரைத்த கையால் தடவியதுபோல என்றார்.

இது எதிர்பார்க்கக்கூடியது. புறத்தொடைத் தோல் நரம்பு ஓடும் இடம் இது. முன்வழி அறுவையில் அடிக்கடி சீண்டப்படும் நரம்பு. எனவே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, தசைப் பயிற்சியைத் தொடங்கலாம் என்று பஞ்சைக் கீழே வைக்கப் போனேன். ஏதோ ஒரு பழக்கத்தில் கணுக்கால்வரை தொட்டு முடித்துவிடுவோம் என்று தொடர்ந்தேன். முழங்காலுக்குக் கீழே, காலின் உட்பக்கத்தில், அவர் சொல்லத் தயங்கினார்.

"தெரிகிறதா அண்ணாச்சி?"

"தெரிகிறது மக்களே. ஆனால் துணிக்கு மேலே தொடுவதுபோல இருக்கிறது."

புறத்தொடைத் தோல் நரம்பு முழங்காலைத் தாண்டிக் கீழே போவதில்லை. காலின் உட்பக்கத் தோலுக்கு உணர்வு தருவது தொடை நரம்பின் கடைசிக் கிளை. அந்தத் தொடை நரம்புதான் முழங்காலை நீட்டும் முன்தொடைத் தசைக்கும் உயிர் கொடுக்கிறது. கேள்வி அங்கேயே மாறிவிட்டது.

சுத்தியலால் முழங்கால் சில்லுக்குக் கீழே தட்டினேன். வலது கால் துள்ளியது. இடது கால் அசையவில்லை. முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, குதிகாலைத் தூக்கச் சொன்னேன். நெற்றி வியர்க்க முயன்றார். குதிகால் மெத்தையை விட்டு எழவில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, காலின் எடையை என் கையில் தாங்கிக்கொண்டு நீட்டச் சொன்னபோது நீண்டது. தசை வலிமையை 0 முதல் 5 வரை அளக்கும் அளவுகோலில் இது 2. பாதத்தை மேலே மடக்கும் வலிமை முழுமையாக இருந்தது. ஆகவே தொடையின் பின்புறமாகப் பாதத்துக்குப் போகும் சயாட்டிக் நரம்பு நலமாக இருக்கிறது. இரண்டு தொடைகளையும் ஒன்றுசேர்த்து அழுத்தும் வலிமையும் இருந்தது. அதைச் செய்யும் தசைகளுக்கு அதே வேர்களிலிருந்து வேறொரு நரம்பு போகிறது, ஆகவே கோளாறு முதுகெலும்பின் நரம்பு வேரிலோ வேர்கள் பின்னும் இடத்திலோ இருக்க வாய்ப்புக் குறைவு. மிச்சமிருப்பது தொடை நரம்பு ஒன்றுதான்.

புறத்தொடைத் தோல் நரம்பு வெறும் உணர்வு நரம்பு. ஒரு தசையைக்கூட அது இயக்குவதில்லை. அதை முழுவதுமாக வெட்டி எறிந்தாலும் முழங்கால் மடியாது. தொடை மரத்திருப்பதால் கால் நிற்கவில்லை என்ற விளக்கம் காதுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது, உடற்கூற்றில் அதற்கு இடமே இல்லை. ஆபத்தில்லாத நரம்பின் கூச்சலில் ஆபத்தான நரம்பின் குரல் ஆறு நாள் கேட்காமல் போயிருந்தது.

அன்று மாலையே அறுவை செய்த மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் முழுவதும் கேட்டார். "இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஓடுகிறது, இன்றிரவே அழைத்து வாருங்கள்" என்றார். அந்த அவசரம் முற்றிலும் சரியானது. இடுப்பெலும்பின் உட்புறத் தசையில் இரத்தம் கசிந்து தேங்கினால் அது தொடை நரம்பை நெரிக்கும். அப்படியானால் பிசியோதெரபிக்குக் காத்திருக்கக் கூடாது, இரத்தக் கட்டை வெளியேற்ற வேண்டும். ஸ்கேனில் இரத்தக் கட்டு இல்லை. புதிய மூட்டு சரியான இடத்தில் இருந்தது. கால் நீளத்தில் சொல்லும்படி வேறுபாடு இல்லை. அறுவையின்போது தசையை விலக்கிப் பிடிக்கும் கொக்கியால் நரம்பு நசுங்கியோ இழுபட்டோ இருக்க வேண்டும் என்று மருத்துவர் நோயாளியிடமே நேராகச் சொன்னார். பிந்திச் சொன்னாலும் மறைக்காமல் சொன்னார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். அதன்பிறகு அந்தக் குடும்பம் அவரை நம்புவதில் குறை வைக்கவில்லை.

சிறு கீறலுக்குள் என்ன நடக்கிறது

இந்த முன்பக்க வழி புதியதல்ல. ஜெர்மன் அறுவை நிபுணர் கார்ல் ஹ்யூட்டர் 19ஆம் நூற்றாண்டிலேயே விவரித்தது. 1917இல் ஸ்மித்-பீட்டர்சன் அதை அமெரிக்காவில் பரப்பினார். 1947இல் பிரான்சின் ஜூடே சகோதரர்கள் மூட்டு மாற்றத்துக்கு அதைப் பயன்படுத்தினார்கள். 2000க்குப் பிறகு, சிறு கீறல் என்ற பெயரோடு, உலகெங்கும் மீண்டும் சூடு பிடித்தது.

அதன் அழகு இதுதான்: தோலுக்கடியில் தையற்காரர் தசை என்று பொருள்படும் சார்ட்டோரியஸ் ஒரு பக்கம், தொடையின் வெளிப்பட்டையை இழுத்துப் பிடிக்கும் டென்சர் தசை மறுபக்கம். ஒன்றுக்குத் தொடை நரம்பு, மற்றதற்குப் புட்டத்தின் மேல்நரம்பு. வெவ்வேறு நரம்புகளுக்குச் சொந்தமான இரண்டு தசைகளுக்கு நடுவே புகுந்தால் எந்தத் தசையையும் வெட்டாமல், எதன் நரம்பையும் அறுக்காமல் மூட்டை அடைந்துவிடலாம். வலி குறைவு, முதல் வாரங்களில் நடை சீக்கிரம் திரும்புகிறது. புட்டத்தின் பின்வழியில் போனால் சயாட்டிக் நரம்பு அருகில் இருக்கும், அது அடிபட்டால் பாதம் தொங்கிவிடும். பக்கவாட்டில் தசையைப் பிளந்து போனால், தொடை எலும்பின் புற முகட்டுக்கு மேல் ஏறத்தாழ 5 சென்டிமீட்டரைத் தாண்டினாலே புட்டத்தின் மேல்நரம்பு வெட்டுப்படும், நோயாளி சாய்ந்து சாய்ந்து நடப்பார். எந்த வழியானாலும் ஒரு நரம்புக்குப் பக்கத்தில்தான் போக வேண்டும். முன்வழி அதற்கு விலக்கல்ல, பக்கத்தில் இருக்கும் நரம்பு மட்டும் வேறு.

முதலில் தோல் நரம்பு. இரண்டாம், மூன்றாம் இடுப்பு முள்ளெலும்புப் பகுதியிலிருந்து வரும் இந்த நரம்பு, இடுப்பெலும்பின் முன்முனைக்குச் சற்று உட்பக்கமாக, கவட்டைப் பட்டைக்கு அடியில் நுழைந்து தொடைக்கு வருகிறது. சொல்லிவைத்த பாதை என்று அதற்கு ஒன்றும் கிடையாது. சிலருக்கு முன்முனைக்கு மேலேயே ஏறி வரும். சிலருக்கு ஒரே தண்டாக இறங்கும். சிலருக்கு விசிறிபோலப் பல இழைகளாகப் பிரிந்து டென்சர் தசையின் மேல் படர்ந்திருக்கும். ஆகவேதான் கவனமுள்ள அறுவை நிபுணர்கள் முன்முனையிலிருந்து 2 முதல் 3 சென்டிமீட்டர் வெளியே தள்ளிக் கீறுகிறார்கள். இரு தசைகளுக்கும் இடையிலான பள்ளத்தில் நேராக இறங்காமல், டென்சர் தசையின் உறையை அதன் மேலேயே திறந்து, அந்த உறைக்குள்ளேயே இருந்து போகிறார்கள். மூடும்போது உறையின் உட்பக்க மடிப்பில் ஊசியை ஆழமாகக் குத்தாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அப்படியும் விசிறியாகப் படர்ந்தவர்களுக்குச் சில இழைகள் போகும். முன்வழி அறுவைக்குப் பின் தொடையில் மரப்பு என்று பதிவானவர்கள் ஒரு தொகுப்பில் ஒருவருமில்லை, இன்னொன்றில் 80 சதவீதத்துக்கு மேல். இவ்வளவு அகலமான இடைவெளிக்குப் பெரிய காரணம், யார் நோயாளியைக் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்பதுதான் என்று நான் நம்புகிறேன்.

அடுத்தது தொடை நரம்பு. மூட்டுக் கிண்ணத்தை முழுவதும் பார்க்க, அதன் முன் விளிம்பில் ஒரு கொக்கியை மாட்டித் தசைகளை உட்பக்கமாக இழுக்க வேண்டும். அந்த விளிம்புக்கும் தொடை நரம்புக்கும் நடுவே இருப்பது இடுப்புத் தசையின் ஒரு திண்டு மட்டுமே. சில இடங்களில் இடைவெளி 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. கொக்கியின் முனை எலும்போடு ஒட்டி, விளிம்பின் மேற்பகுதியில் அமர்ந்தால் நரம்பு தூரத்தில் இருக்கும். கீழே, உட்பக்கமாக நழுவினாலோ, எலும்பை விட்டுத் தசைக்குள் முனை புகுந்தாலோ நரம்பு கொக்கிக்கும் தசைக்கும் நடுவே நசுங்கும். எவ்வளவு நேரம், எவ்வளவு இழுவை என்பதும் முக்கியம். கீறல் சிறிதாக இருக்கும்போது உள்ளே பார்ப்பதற்காக இழுவை கூடுகிறது. தோலில் தெரியும் தழும்பின் நீளத்தை வைத்து உள்ளே நரம்பு பட்ட பாட்டை அளக்க முடியாது.

இதையெல்லாம் நான் அண்ணாச்சிக்குப் படம் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் பாதியில் நிறுத்தினார். "பட்டையை வெட்ட வேண்டும், தடியைத் தொடக் கூடாது. அதுதானே?" என்றார். ரப்பர் மரத்தில் பால் ஓடும் குழல்கள் பட்டையின் உள்ளடுக்கில் இருக்கின்றன. அதற்கும் உள்ளே, மரம் வளரும் மெல்லிய அடுக்குக்கு முன்னால், ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட்டுக் கத்தியை இழுக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்தில் காயம் பட்டு, புதிய பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பின்பு அந்த இடத்தில் வெட்டவே முடியாது. அவர் கட்டிலில் அமர்ந்தபடியே கையைச் சரித்து அந்த இழுப்பைச் செய்து காட்டினார். கட்டைவிரல் கத்தியின் முதுகில் இருப்பதுபோல வளைந்திருந்தது. என் படத்தைவிட அந்தக் கை நன்றாக விளக்கியது.

ஒன்பது மாதங்கள்

1943இல் ஹெர்பர்ட் செடன் நரம்புக் காயங்களை மூன்றாகப் பிரித்தார். நரம்பிழை அறாமல், சமிக்ஞை மட்டும் தடைப்படுவது முதல் வகை. வாரங்களில், சில மாதங்களுக்குள் மீளும். இழை அறுந்து உறை மட்டும் மிஞ்சுவது இரண்டாவது. அறுந்த இடத்திலிருந்து உறைக்குள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் இழை மீண்டும் வளர வேண்டும். உறையோடு அறுந்துபோவது மூன்றாவது. அது தானாக மீளாது. நான்காம் வாரம் நரம்புச் சோதனை செய்தார்கள். இழை அறுந்திருந்தால் அதன் அடையாளம் தசையில் தெரிய மூன்று வாரமாவது ஆகும் என்பதால் அதற்கு முன் செய்வதில் பயன் குறைவு. சமிக்ஞை மெலிந்திருந்தாலும் முன்தொடைத் தசைக்குப் போய்ச் சேர்ந்தது. பெரும்பகுதி முதல் வகை, சில இழைகள் இரண்டாம் வகை. கவட்டையிலிருந்து தசைக்குள் நரம்பு நுழையும் இடம்வரை தூரம் குறைவு என்பது அவருடைய நல்வாய்ப்பு.

அதுவரை செய்ய வேண்டிய முதல் வேலை, அவர் விழாமல் பார்த்துக்கொள்வது. தொடை நரம்பு தளர்ந்த ஒருவர் சமதளத்தில் முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு நடந்துவிடுவார். பிறகு படியில் இறங்கும்போது மடிந்து விழுவார். புதிய மூட்டைச் சுற்றி எலும்பு முறிந்தால் அது முதல் அறுவையைவிடப் பெரிய அறுவையில் முடியும். முழங்காலை நேராகப் பூட்டும் தாங்குபட்டை மாட்டினோம். மகன் அந்த 17 படிகளின் ஓரத்தில் கமுகந்தடியில் கைப்பிடி கட்டினார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில் என்று பேரன்வரை எல்லோரும் மனப்பாடம் செய்தார்கள். இரவில் சிறுநீர் கழிக்க வெளியே போகும் பழக்கத்தை நிறுத்தி, கட்டிலுக்கருகே பாத்திரம் வைத்தோம். அவருக்கு அதில் மிகுந்த கூச்சம் இருந்தது. இருந்தும் ஒத்துக்கொண்டார்.

மரத்துப்போன தோலுக்கு வேறு வைத்தியம். எரிச்சலைத் தணிக்க மருத்துவர் இரவில் சிறிய அளவில் பிரிகாபலின் கொடுத்தார். நான் பஞ்சு, வேட்டித் துணி, துவாலை என்று மென்மையிலிருந்து சொரசொரப்புக்கு ஏறும் வரிசையில் நாள்தோறும் மூன்று வேளை தடவப் பழக்கினேன். பள்ளி நோட்டுக்கு உறைபோடும் கண்ணாடித் தாளைத் தொடையின் மேல் விரித்து, உணர்வில்லாத எல்லையை மார்க்கர் பேனாவால் வரைந்து, தேதி எழுதி வைத்தேன். மாதம் ஒரு தாள். சரியாகிறதா என்ற கேள்விக்கு ஆறுதல் வார்த்தையைவிட அந்தத் தாள் மேலானது.

மூன்றாம் வாரம் நடந்தது ஒன்று இருக்கிறது. அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி, கதவைச் சற்று ஒருக்களித்து வைத்துவிட்டு என்னை அழைத்தார். "டாக்டரம்மா, கிள்ளினால்கூடத் தெரியவில்லையே. இது குஷ்டமா?" என்று கேட்டார். குரல் வெளியே வரவில்லை. இரண்டு வாரமாகக் கணவருடைய தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்து வைத்திருந்தார். பேரப்பிள்ளைகளைக் கட்டிலில் ஏறவிடவில்லை. ஏன் என்று கணவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. தெரிந்தே இருந்திருக்கிறது.

நான் அக்காவைக் கையோடு கட்டிலுக்கு அழைத்துப்போய், இருவரையும் வைத்துக்கொண்டே பஞ்சால் தொட்டுக் காட்டினேன். மரப்பு அறுவைக்கு மறுநாள் ஒரே மூச்சில் வந்தது, தழும்பருகே தொடங்குகிறது, தோலின் நிறம் மாறவில்லை, திட்டுத் திட்டாக வேறெங்கும் இல்லை, முழங்கைக்குப் பின்னாலும் முழங்காலுக்கு வெளிப்பக்கமும் நரம்பு தடித்திருக்கவில்லை. தொழுநோய் இப்படி வராது. அது வந்தாலும் மருந்தில் குணமாகும் நோய், தட்டைப் பிரித்து வைப்பதால் யாருக்கும் ஒரு பாதுகாப்பும் இல்லை என்பதையும் சொன்னேன். அக்கா அழுதார். அண்ணாச்சி முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அறுவைக்கு முன் ஒரே ஒரு வரி, "தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகலாம், அது ஆபத்தில்லை" என்று மனைவியையும் உட்காரவைத்து யாராவது சொல்லியிருந்தால் அந்த இரண்டு வாரங்கள் அந்த வீட்டில் நடந்திருக்காது. எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் வலிப்பது முழங்காலைவிட இதுதான்.

ஐந்தாம் வாரம் எரிச்சல் திடீரென இரட்டிப்பானது. அன்று சாரத்தின் மேல் அவர் தன் பழைய அகலமான பெல்ட்டைக் கட்டியிருந்தார். பணமும் கைபேசியும் வைக்கும் பையோடு கூடியது. முப்பது ஆண்டுகளாக இடுப்பைவிட்டு இறங்காதது. அதன் கீழ் விளிம்பு சரியாக இடுப்பெலும்பின் முன்முனையில் அழுத்திக்கொண்டிருந்தது, அந்தத் தோல் நரம்பு தொடைக்குள் நுழையும் வாசலில். 1895இல் இந்தத் தொடை எரிச்சலுக்குப் பெயரிட்ட ரஷ்ய மருத்துவர் ரோத், இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டும் குதிரை வீரர்களிடம் அதைக் கண்டார் என்பார்கள். பெல்ட்டை அவிழ்க்கச் சொன்னேன். இரண்டு நாளில் எரிச்சல் பழைய அளவுக்கு இறங்கியது. பிறகு விசாரித்தபோது அவர் சொன்னது: "ஆபரேஷனுக்கு முன்பே வெட்டு முடிந்து வரும்போது அந்த இடம் குறுகுறுவென்று இருக்கும் மக்களே. இடுப்பு வலியோடு சேர்ந்தது என்று விட்டுவிட்டேன்." ஏற்கெனவே நெரிபட்டு, சர்க்கரையாலும் நலிந்த நரம்பு. அதன்மேல் அறுவை. முன்பே ஒரு முறை பஞ்சால் தொட்டுப் பார்த்து எழுதியிருந்தால், எது பழையது, எது அறுவையால் வந்தது என்று இன்று தெரிந்திருக்கும். யாரும் தொடவில்லை. அவரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஏழாம் வாரம் குதிகால் மெத்தையை விட்டு எழுந்தது, வலிமை 3. நான்காம் மாதம் 4, தாங்குபட்டையைக் கழற்றினோம். ஒன்பதாம் மாதம் வலது காலுக்கு ஏறத்தாழ நிகராக வந்தது. சுத்தியலால் தட்டும்போது கால் துள்ளும் அந்த முழங்கால் துடிப்பு சற்று மந்தமாகத் திரும்பியது.

முதல் நாளின் மூன்று தொடுதல்கள்

இந்த நோயாளிக்கு ஏற்பட்ட தொடை நரம்புக் காயத்தைத் தவிர்த்திருக்க முடியுமா என்பதை நான் சொல்ல முடியாது. அறுவை அரங்கில் நான் இல்லை. திறமையான கைகளிலும் அது நேர்கிறது, இடுப்பு மாற்றத்தில் இயக்க நரம்புக் காயம் 100 பேரில் ஒருவருக்கு நேரும் அளவிலான சிக்கல். ஆனால் ஆறு நாள் தாமதத்தைத் தவிர்த்திருக்க முடியும். உள்ளே இரத்தக் கட்டு இருந்திருந்தால் அந்த ஆறு நாள் நரம்பையே கொண்டுபோயிருக்கும்.

வலிக்காகப் போடும் ஊசி தோல் நரம்பையும் தொடை நரம்பையும் சேர்த்தே மரக்கவைக்கிறது. ஒரே தடவை போட்ட ஊசி என்றால் அதன் ஆட்டம் பெரும்பாலும் ஒரு நாளில் முடியும். எனவே அறுவைக்கு மறுநாள் மாலை ஒரு சோதனை கட்டாயம் வேண்டும். நரம்பு நிபுணர் தேவையில்லை. வார்டு செவிலியர், பிசியோதெரபிஸ்ட், யாரும் இரண்டு நிமிடத்தில் செய்யலாம். தொடையின் வெளிப்பக்கம், முழங்காலுக்குக் கீழே காலின் உட்பக்கம், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே பாதத்தின் மேற்புறம் என்று மூன்று இடங்களில் தொட்டுக் கேட்க வேண்டும். குதிகாலைத் தூக்கச் சொல்ல வேண்டும், பாதத்தை மேலே மடக்கச் சொல்ல வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் மரத்திருந்தால் நோயாளிக்கு விளக்கம் போதும். உட்பக்கமும் மங்கி, குதிகாலும் எழாவிட்டால் அந்த நிமிடமே அறுவை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். "வலியால்தான்" என்று எழுதுவதற்கு முன் முழங்கால் துடிப்பைத் தட்டிப் பாருங்கள். வலி தசையைத் தயங்க வைக்கும், துடிப்பை அழிக்காது.

அறுவைக்கு முன் இதே இடங்களைத் தொட்டு எழுதிவைக்க வேண்டும். பெல்ட், சர்க்கரை, பழைய குறுகுறுப்பு எல்லாவற்றையும் கேட்க வேண்டும். சம்மதப் படிவத்தில் "நரம்பு பாதிப்பு" என்ற ஒற்றைச் சொல்லின் கீழ் வாங்கும் கைந்நாட்டுக்கு எந்த மதிப்பும் இல்லை. எந்த இடம் மரக்கும், எவ்வளவு நாள், எது வந்தால் ஓடி வர வேண்டும் என்பதை வீட்டில் கூடவிருக்கப் போகிறவருக்கும் சேர்த்து, அவர்களுடைய தமிழில் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் அறுவைக்கு நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகிறவர்கள் மூன்று நான்கு நாளில் மலையடிவாரத்துக்கோ கடற்கரைக்கோ திரும்பிவிடுகிறார்கள். அங்கே அவர்களைத் தொட்டுப் பார்க்க மனைவியோ மகளோதான் இருக்கிறார்கள்.

பத்தாம் மாதம், மார்கழிப் பனியில், 17 படிகளையும் அவர் கைப்பிடியைத் தொடாமல் இறங்கிவந்து என்னை அழைத்துப் போனார். மேட்டு மரங்களை மருமகனிடம் விட்டுவிட்டு, சமதளத்தில் இருக்கும் 60 மரங்களை மட்டும் மீண்டும் வெட்டத் தொடங்கியிருக்கிறார். பெல்ட்டுக்குப் பதில் சட்டையில் அக்கா தைத்துக் கொடுத்த உள்பை. புதிய தாளை விரித்து எல்லையை வரைந்தேன். தொடையின் நடுவில், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக ஓர் இடம் மட்டும் மிச்சமிருக்கிறது. எரிச்சல் இல்லை, தொடுவதுதான் தெரியவில்லை. அது அப்படியே நின்றுவிடலாம் என்று சொன்னேன். மாசியில் ஓராண்டு நிறையும்போது அடுத்த தாளை வரைவோம் என்று தேதி குறித்து, மாத்திரைச் சீட்டுகள் இருக்கும் பெட்டியில் மற்றத் தாள்களோடு அக்கா அதைச் சுருட்டி வைத்தார்.